பிள்ளையின் போனில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் போன் சர்வீஸ் கடைக்கு டிஸ்ப்ளே போனது, சார்ஜ் ஏறாதது என்று வரும் போன்களுக்கு நடுவே எந்தப் பழுதும் இல்லாத போன்களும் வரும். கொண்டுவருவது அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கும். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ண்ணா, பையன் யார்கூட என்ன பேசுறான்னு எனக்குத் தெரியற மாதிரி ஏதாவது ஆப் போட்டுக் குடுங்க" என்பார்கள். நான் போட்டுத் தருவதில்லை.

அந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் ப்ளே ஸ்டோரில் இருக்காது. வெளியிலிருந்து ஏபிகே என்கிற ஆப் ஃபைலை இறக்கி, கெட்ட ஆப்களைப் பிடிக்கும் ப்ளே புரொடெக்டை அணைத்து, ஸ்க்ரீனில் வருவதையெல்லாம் படிக்க விடும் அக்ஸசிபிலிட்டி அனுமதியையும் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதன்பிறகு உங்கள் பெண்ணின் போட்டோ, சாட், அவள் இருக்கும் இடம் எல்லாம் ஊர்பேர் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போகும். யாரிடமிருந்து மறைக்க நினைத்தோமோ அவர்களுக்கு நாமே வாசலைத் திறந்துவிட்ட கதைதான்.

இன்னொரு சிக்கல் பெங்களூருக்கே உரியது. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், கேமில் ஹிந்தி என்று வளரும் பிள்ளை நாலையும் கலந்து ஆங்கில எழுத்தில் டைப் அடிக்கிறது, பாதி இமோஜி வேறு. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவிடம் அந்த சாட்டை முழுசாகத் திறந்து காட்டினாலும் எது கிண்டல், எது மிரட்டல் என்று பிரிக்க முடியாது. நடுவில் இருந்து யாராவது பார்த்துச் சொல்வார்களா என்றால் அதுவும் இல்லை. வாட்ஸ்அப் செய்தி அனுப்பியவர் போனிலும் பெற்றவர் போனிலும்தான் திறக்கும், கம்பெனியாலேயே படிக்க முடியாது. ஆக, பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

அதனால் செட்டிங்ஸைத் தொடும் முன் வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுங்கள். "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, அதுக்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்." மிரட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் முதலில் சொல்வது "உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்பதுதான். அப்பாவுக்குத் தெரிந்தால் போன் போகும், அடி விழும் என்று பயப்படும் பிள்ளையிடம் மட்டுமே அந்த மிரட்டல் செல்லும். கீழே வரும் எல்லாமே இந்த வாக்கு கொடுத்தாகிவிட்டது என்ற கணக்கில்தான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தனிப் போன் வேண்டுமா என்பது வேறு விவகாரம். என்னைக் கேட்டால் வேண்டாம், ஹாலில் கிடக்கும் வீட்டுப் போன் போதும்.

"நான் பக்கத்துல போனா ஸ்க்ரீனைக் கவுத்து வெச்சிடுறா"

பதின்மூன்று, பதினாலு வயதில் இதை மட்டும் அறிகுறி என்று எடுக்காதீர்கள். நம் காலத்தில் டைரியைத் தலையணைக்கடியில் வைத்தவர்கள்தான் நாமும். கூடவே வேறு எதுவும் மாறியிருக்கிறதா பாருங்கள். நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டால் முகம் மாறுவது, இருந்த இன்ஸ்டா கணக்கை ஒரே நாளில் அழித்துவிட்டுப் புதிது தொடங்குவது, நெருங்கிய சிநேகிதியின் பெயரே பேச்சில் வராமல் போவது, ஸ்கூலுக்குப் போக வயிற்றுவலி வருவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் கீழே உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்குப் போங்கள். எதுவும் சேரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

"சாட்டைத் திறந்து பார்த்தேன், ஒண்ணுமே இல்ல"

ஒன்றுமே பேசாமல் இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் நாலு வழி உண்டு.

முதலாவது, தானாக மறையும் செய்திகள். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைக்கலாம். அப்படி வைத்த சாட்டில் டிபி ஓரத்தில் சின்னதாக ஒரு கடிகாரக் குறி தெரியும். ஒருமுறை பார்த்ததும் போய்விடும் போட்டோ தனி வசதி. ஸ்னாப்சாட்டில் மறைவதுதான் வழக்கமே, அங்கே சாட் காலியாக இருப்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

இரண்டாவது, சாட் லாக். 2023இல் வந்தது. சாட் பட்டியலைக் கீழே இழுத்தால் 'லாக்ட் சாட்ஸ்' என்று ஒரு வரி வரும். ரகசியக் குறியீடு வைத்திருந்தால் அந்த வரிகூடத் தெரியாது, தேடும் பெட்டியில் அந்தக் குறியீட்டை அடித்தால்தான் வரும்.

மூன்றாவது, இன்னொரு வாட்ஸ்அப். ஒரே போனில் இரண்டு கணக்கு வைக்க வாட்ஸ்அப்பே இப்போது விடுகிறது. சாம்சங்கில் செக்யூர் ஃபோல்டர், ஷாவ்மியில் செகண்ட் ஸ்பேஸ் என்று போனுக்குள்ளேயே இன்னொரு போன் மாதிரி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நாலாவது, கால்குலேட்டர் போலவே தோற்றம் காட்டி உள்ளே படங்களைப் பூட்டி வைக்கும் ஆப். போனில் இரண்டு கால்குலேட்டர் இருந்தால் ஒன்று கணக்குப் போடுவதற்கு இல்லாமலும் இருக்கலாம்.

இதையெல்லாம் சொல்வது நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து தேட அல்ல. இத்தனை வழி இருக்கும்போது சோதனை போட்டு ஜெயிக்க முடியாது என்று காட்டத்தான். ஒன்றைக் கண்டுபிடித்தால் ஐந்தாவது வழியைக் கற்றுக்கொள்ளும். "மறைஞ்சு போற மெசேஜ் வெச்சிருக்கியே, நீ வெச்சதா, அந்தப் பக்கம் வெச்சதா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் வைத்தது, அந்தப் பக்கம் வயதில் பெரிய ஆள் என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய பதில்.

"தெரியாத குரூப்ல எல்லாம் சேர்த்துவிட்டிருக்காங்க"

இதற்கு செட்டிங்ஸே போதும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போனால் 'எவ்ரிஒன்' என்றிருக்கும். அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். பிறகு மற்றவர்கள் சேர்க்க முயன்றால் தனியாக அழைப்புதான் வரும், ஏற்பதும் விடுவதும் உங்கள் பிள்ளை இஷ்டம். டெலிகிராமில் செட்டிங்ஸ், பிரைவசியில் குரூப் சானலுக்கும் அதே மாதிரி ஒரு வரி இருக்கிறது. கூடவே போன் நம்பர் என்ற வரியைத் திறந்து, நம்பரை யார் பார்க்கலாம் என்பதில் 'நோபடி' என்று வைத்துவிடுங்கள். டெலிகிராம் குரூப்பில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். "ஸ்டடி மெட்டீரியல் ஃப்ரீ" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேரும் குரூப்பில் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பத்தாம் வகுப்பாக இருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும், எல்லாருக்கும் போகாது. இது தெரியாமல், "நான் லெஃப்ட் ஆனா எல்லாரும் கேப்பாங்க" என்றே கெட்ட குரூப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. சொல்லிவிடுங்கள்.

"தெரியாத நம்பர்ல இருந்து ஹாய் வருது, வீடியோ கால் வருது"

+91 இல்லாத வெளிநாட்டு நம்பர், "சாரி ராங் நம்பர், ஆனா உன் டிபி நல்லா இருக்கு" என்று தொடங்குவது, எடுத்தால் எதிர்ப்பக்கம் இருட்டாகவோ ஆபாசமாகவோ இருக்கும் வீடியோ கால் என்று இது பல ரகம். பிரைவசியில் கால்ஸ் என்ற இடத்தில் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்பதை ஆன் செய்தால் தெரியாத அழைப்பு மணி அடிக்காது. டிபி, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூன்றையும் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இன்ஸ்டாவில் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் டீன் அக்கவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. 18க்குக் கீழே என்றால் கணக்கு தானாக பிரைவேட் ஆகும், பிள்ளை ஃபாலோ செய்யாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது, 16க்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். இதெல்லாம் பிறந்த வருஷம் சரியாகப் போட்டிருந்தால்தான். பெரும்பாலான பிள்ளைகள் 2001, 1999 என்று எதையாவது போட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

தெரிந்த நம்பரில் வரும் தொந்தரவு இதைவிடக் கஷ்டம். டியூஷன் சார், கிரிக்கெட் கோச், மாடிவீட்டு அங்கிள், தூரத்துச் சொந்தத்தில் ஒரு அண்ணா. "நீ மட்டும்தான் என்னைப் புரிஞ்சுக்கிற", "அம்மாகிட்ட சொல்லாத, தப்பா நினைப்பாங்க", "வாட்ஸ்அப் வேணாம், டெலிகிராம் வா" என்று வளரும். இந்த மூன்று வாக்கியங்களையும் அப்படியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். "இப்படி யார் சொன்னாலும், அது யாரா இருந்தாலும், என்கிட்ட வந்து சொல்லு." எந்த செட்டிங்ஸும் மாடிவீட்டு அங்கிளைத் தடுக்காது, அவர் தொடர்புப் பட்டியலில்தான் இருக்கிறார்.

"நான் அனுப்பலைன்னு சொல்றான், ஆனா அவன் நம்பர்ல இருந்துதான் எல்லாருக்கும் போயிருக்கு"

பெரும்பாலும் பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து பாருங்கள். ஒரு கணக்கோடு நாலு கருவி வரை இணைக்கலாம், எது எப்போது கடைசியாக இயங்கியது என்றும் காட்டும். 'க்ரோம், விண்டோஸ்' என்று ஒன்று இருக்கிறது, வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்றால் அது எங்கே இருக்கிறது? நான் பார்த்த வரையில் பல நேரம் ஜெராக்ஸ் கடையில். புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கப் போன பிள்ளை அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்து, ஃபைலை இறக்கி, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறது. லாக் அவுட் செய்வதில்லை. அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு எல்லா சாட்டும் விரிந்து கிடக்கும். பட்டியலில் அந்த வரியைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தால் அங்கே மூடிவிடும். இனிமேல் பிரிண்டுக்கு ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோகட்டும்.

லிங்க்ட் டிவைசில் எதுவும் இல்லை, கணக்கே கையை விட்டுப் போய்விட்டது என்றால் ஓடிபி கொடுத்திருப்பார்கள். "தப்பா உன் நம்பருக்கு என் கோட் வந்துடுச்சு, அனுப்பேன்" என்று, ஏற்கெனவே பறிபோன சிநேகிதன் கணக்கிலிருந்தே கேட்பார்கள், அதனால்தான் நம்புகிறார்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வதும் உண்டு. அது நம் அழைப்பை அவர்கள் நம்பருக்குத் திருப்பிவிடும், ஓடிபி குரல் அழைப்பாக அங்கே போகும். போனின் கால் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் ஆனாக இருந்தால் அணைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அதே நம்பரை மறுபடி பதிவு செய்யுங்கள், எஸ்எம்எஸ் ஓடிபி போட்டதும் அந்தப் பக்கம் வெளியே போய்விடும். பிறகு 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' ஆன் செய்து ஆறு இலக்கப் பின் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம், வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

"ஜிபேல சின்னச் சின்னத் தொகையா போயிருக்கு"

கேமுக்குள் டைமண்ட் வாங்கியதா, யாராவது பணம் கேட்டார்களா என்று முதலில் பிரியுங்கள். கேம் என்றால் ஆப்பின் ஆர்டர் வரலாற்றில் பெயர் தெரியும், பேசித் தீர்க்கலாம். ஏதோ ஒரு தனிநபர் யூபிஐ ஐடிக்கு, முதலில் 500, அப்புறம் 1,000, அப்புறம் 2,000 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் திட்டத் தொடங்காதீர்கள். நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள்.

"சாப்பிட மாட்டேங்கிறான், தூங்க மாட்டேங்கிறான், போன் அடிச்சாலே நடுங்குறான்"

மற்ற எல்லாவற்றையும் நாளைக்குப் பார்க்கலாம், இதை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

நடப்பது அநேகமாக இப்படி இருக்கும். இன்ஸ்டாவில் ஒரு அழகான பெண் கணக்கு ஃபாலோ செய்யும். கொஞ்ச நேரப் பேச்சிலேயே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிடும். அந்தப் பக்கம் ஒரு படம் வரும், "நீயும் அனுப்பு" என்று வரும். இல்லாவிட்டால் வீடியோ கால், ஸ்க்ரீன் ரெக்கார்டிங். அனுப்பின மறு நிமிஷம் பேச்சே மாறிவிடும். பையனின் ஃபாலோயர் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவனுக்கே அனுப்பி, "இவங்க எல்லாருக்கும் போகும், பணம் போடு" என்பார்கள். பெண் பிள்ளைகளிடம் பணத்துக்குப் பதில் இன்னும் படம் கேட்பது அதிகம். படம் நிஜமாக இருக்கவும் வேண்டாம், டிபியில் இருக்கும் முகத்தை எடுத்து ஏஐ வைத்து நிர்வாணப் படம் செய்தும் மிரட்டுகிறார்கள்.

பிள்ளை இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். "ஏன்டா அனுப்பின?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். "சொன்னியே, அது போதும். இனி இதை நான் பாத்துக்கறேன்" என்றால் போதும். அன்று ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள். மனசு ரொம்ப உடைந்திருந்தால், சாவதைப் பற்றிப் பேசினால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112.

பிறகு வேலை, இந்த வரிசையில்:

1. பணம் போடுவதை நிறுத்துங்கள். கொடுத்தால் விட்டுவிடுவான் என்பது நடப்பதில்லை, கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் கேட்பது கூடும். பேரம் பேசவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

2. எதையும் அழிக்காதீர்கள், பிளாக்கும் இப்போது வேண்டாம். முதலில் சாட்சியம். மிரட்டிய வரிகள், நம்பர், யூபிஐ ஐடி, பணம் போன ரசீது, தேதி நேரம். இன்ஸ்டாவில் மேலே தெரியும் பெயர் போதாது, அதை எளிதாக மாற்றிவிடலாம். புரொஃபைலைத் திறந்து யூசர்நேமையும் அந்தப் பக்கத்தின் லிங்கையும் எடுங்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும், வேறு போனால் ஸ்க்ரீனைப் படம் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து 'மீடியா இல்லாமல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு உரையாடலும் ஒரே ஃபைலாக வரும்.

3. அந்த நிர்வாணப் படத்தை மட்டும் நீங்கள் எடுத்து வைக்காதீர்கள், சொந்தக்காரருக்கோ வக்கீலுக்கோ பள்ளி முதல்வருக்கோ ஃபார்வர்ட் செய்யாதீர்கள். 18க்குக் கீழே உள்ளவர்களின் ஆபாசப் படத்தை அனுப்புவது, பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம், முதல் முறைக்கே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதேகூட போக்சோவில் குற்றமாகலாம் என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. படம் பிள்ளையின் போனில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், என்ன செய்வதென்று போலீஸ் சொல்லட்டும்.

4. ஆப்பிலேயே ரிப்போர்ட். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கொடுத்தால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும், யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் பிளாக் செய்து சாட்டையும் அழிக்கவா என்று ஒரு டிக் இருக்கும். அவசரத்தில் அதோடு சேர்த்து அமுக்கிவிடாதீர்கள், டிக்கை எடுத்துவிடுங்கள். சாட்சியம் பத்திரமான பிறகு பிளாக்.

5. புகார். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) என்ற மத்திய அரசு தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர வேண்டுமானால் பெயரோடு கொடுங்கள். பணம் போயிருந்தால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இருபத்துநாலு மணி நேரமும்.

6. படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகளுக்கான மையம் தொடங்கியது, இங்கிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். படம் இருக்கும் பிள்ளையின் போனிலேயே அதற்கு ஓர் எண்குறி உருவாகும், அது மட்டும் போகும். இன்ஸ்டா, ஸ்னாப்சாட் போல இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் அந்தக் குறியை வைத்துப் பிடித்து எடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் தனியாகப் போவதை இது பிடிக்காது, அது மூடிய உறை.

போலீஸ் என்றதும் தயங்குவது புரிகிறது. பெண் பிள்ளை, வாடகை வீடு, கன்னடம் சரளமாக வராது, "ஸ்டேஷனுக்குப் போனா என்ன கேப்பாங்களோ." போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடிய மட்டும் எஸ்ஐ பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். அம்மாவோ அப்பாவோ, பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும். பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், தமிழுக்குக் கேளுங்கள், உரிமை அது. பெயர், முகம், பள்ளி எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. பெங்களூரில் டிவிஷன் வாரியாக சைபர் குற்றங்களைப் பார்க்கும் சென் (CEN) ஸ்டேஷன்கள் உண்டு. அங்கேதான் போக வேண்டும் என்று இல்லை, பக்கத்து ஸ்டேஷனிலும் எழுதி வாங்க வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

"கிளாஸ் குரூப்ல அவ போட்டோவை ஸ்டிக்கராக்கிட்டாங்க"

பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். கொட்டாவி விடும்போதோ அழும்போதோ எடுத்த முகத்தை ஸ்டிக்கராக்கி, அவள் எது சொன்னாலும் பதிலாக அதையே போட்டால், அந்தப் பிள்ளை குரூப்பில் வாயைத் திறக்காது. பிறகு வகுப்பிலும் திறக்காது.

குரூப்பில் நீங்கள் நுழைந்து "யாருடா போட்டது?" என்று கேட்காதீர்கள், மறுநாள் அதற்கும் ஒரு ஸ்டிக்கர் வரும். தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குரூப் அட்மின் யார் என்று குறித்து, கிளாஸ் டீச்சருக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாக அல்ல. பதில் வராவிட்டால் முதல்வருக்கு. ஆபாசமாக மாற்றிய படம் என்றால் அது பள்ளிக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, மேலே சொன்ன புகார் வழிதான். அப்போதும் அந்தப் படத்தை நீங்கள் பரப்பக் கூடாது. செய்தது இன்னொரு பிள்ளை என்றால் இளம் சிறார் நீதிச் சட்டப்படி நடக்கும், அதற்காக அந்த வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

செய்தது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படித் தெரிந்தால், மூடி மறைக்க உதவாதீர்கள். எடுத்துவிடச் சொல்லி, யாருக்கெல்லாம் போனதோ அவர்களிடம் அழிக்கச் சொல்ல வைத்து, அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு நீங்களே பேசுங்கள்.

"விடியற மூணு மணிக்கும் போன் வெளிச்சம் தெரியுது"

இரவில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் என்று வையுங்கள். எல்லார் போனும் என்றால் அப்பா போனும்தான், இல்லாவிட்டால் ஒரு வாரம்கூட ஓடாது. கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனின் ஸ்க்ரீன் டைம் இரண்டிலும் தூங்கும் நேரம் வைக்கலாம், புது ஆப்புக்கு உங்கள் அனுமதி கேட்க வைக்கலாம். சாட்டைப் படித்துக் காட்ட மாட்டா, அதனால்தான் எனக்கு அவை பிடிக்கும். பிள்ளைக்குத் தெரிந்தே போடுங்கள். விடவே முடியவில்லை, போனை வாங்கினால் பொருட்களை உடைக்கிறான் என்கிற அளவுக்குப் போனால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் 'ஷட்' கிளினிக் என்று இதற்கென்றே தனியாக நடக்கிறது. நம் ஊரிலேயே இருக்கிறது, கூட்டிப்போக வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் போல 16க்குக் கீழே எல்லாம் தடை என்று வந்துவிட்டால் நிம்மதி என்று சிலர் சொல்கிறார்கள். 2025 டிசம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்த அந்தத் தடையில் இன்ஸ்டா, ஸ்னாப்சாட் உண்டு, வாட்ஸ்அப் கிடையாது.

"இவ பள்ளிக்கூடம், பஸ் நேரம் எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

உங்கள் ஸ்டேட்டஸைப் பாருங்கள். யூனிஃபார்மில் பேட்ஜ் தெரிய முதல் நாள் போட்டோ, பிறந்தநாளுக்குப் பெயரும் வயதும் போட்ட டிசைன், வேன் நிற்கும் இடத்தில் எடுத்த செல்ஃபி. உங்கள் போனில் இருக்கும் கேஸ் டெலிவரிக்காரர், பழைய ஹவுஸ் ஓனர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால் அதைப் பார்க்கிறார்கள். ஸ்டேட்டஸ் பிரைவசியில் 'ஒன்லி ஷேர் வித்' என்று இருக்கிறது. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று வேண்டியவர்களை மட்டும் அதில் டிக் செய்யுங்கள். ஸ்னாப்சாட்டில் மேப்பைத் திறந்து மேலே செட்டிங்ஸ் சக்கரத்தைத் தொட்டு 'கோஸ்ட் மோட்' ஆன் செய்தால் பிள்ளை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. டெலிவரிக்காரர்கள் கேட்டால் பிள்ளை நம்பரைக் கொடுக்காமல் உங்கள் நம்பரையே கொடுங்கள்.